மூன்று வருஷத்துக் குடித்தனம்

சிம்மக்கல்லில் குடியிருக்கும் எங்களுக்கு வைகை, ஒரே முற்றத்துக்குள் இருந்துகொண்டும் முகம் பார்த்துப் பேசாத பங்காளியைப் போன்றது. டவுன் பஸ்களின் இரைச்சலுக்கும் மைய நூலகத்துக்கும் அப்பால் இரண்டு சந்து தாண்டினால் ஆறு என்பதை மாதக்கணக்கில் மறந்திருந்துவிட்டு, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று பித்ருக்களின் ஞாபகம் வரும் நாட்களில் மட்டும் எள்ளும் தர்ப்பையும் வாழையிலையுமாகப் பேச்சியம்மன் படித்துறைக்குப் போய், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். திரும்பிப் பார்க்கலாகாது என்பது பெரியவர்கள் சொல்லிவைத்த விதி. அந்த விதி நமக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று என்பதை, ஒரு தை அமாவாசைக்கு மறுநாள் காலையில்தான் நான் உணர்ந்தேன்.

அன்று பழைய சொக்கநாதர் கோயிலில் தரிசனம் முடித்துக் காலாற நடந்து படித்துறைப் பக்கம் போனபோது, ஒரே நிறப் பனியன் அணிந்த கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேர், கையுறையும் சாக்குமாகப் படிகளில் இறங்கி, முந்தின தினம் நாங்கள் விட்டுவந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நனைந்து கனத்த வேட்டி, கரை கிழிந்த சேலை, எள் ஒட்டிய இலை, கண்ணாடி உடைந்த சுவாமி படம், பிண்டத்துக்கு மாவு கட்டிக்கொண்டுவந்த பிளாஸ்டிக் பை, யாரோ ஒரு பெரியவருடைய ஒற்றைக் கால் போன மூக்குக்கண்ணாடி. சாக்கடை கலந்து கறுத்த நீரில் ஆகாயத்தாமரை மட்டும் ஆரோக்கியமாகச் செழித்திருந்தது. ஒரு பையன் குனிந்து அந்தச் சேலையைச் சுருட்டப் போனான். மேற்படியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி குரல் கொடுத்தாள்.

“ஏப்பா, அதத் தொடாத. செத்தவுக துணி.”

“கிளவுஸ் போட்டிருக்கேன் ஆத்தா.”

“கைக்குப் போட்டுட்ட. பாவத்துக்கு என்னத்தப் போடுவ?”

பையன் சிரிக்கவும் இல்லை, சேலையைக் கீழே போடவும் இல்லை. சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, அதைச் சாக்கில் திணித்தான்.

தேநீர் வேளையில் அவன் என் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தான். எதற்காகத் தம்பி இந்தச் சிரமம் என்று கேட்டேன். ஏதாவது ஒரு லட்சிய வாக்கியத்தை எதிர்பார்த்தே கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“பார்ட் ஃபைவ்ங்கய்யா. ரெண்டு வருஷத்துல இருநூத்தி நாப்பது மணி நேரம் கணக்குக் காட்டணும். இல்லேன்னா சர்டிபிகேட் கிடையாது.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னங்கய்யா? எனக்கு இது ஊரும் இல்ல, ஆறும் இல்ல. மூணு வருஷம் ஹாஸ்டல். அதுக்கப்புறம் காரியாபட்டியில இருப்பனோ, மெட்ராஸ்ல இருப்பனோ. காலேஜுல எங்க டிபார்ட்மெண்டுக்கு முன்னாடி ஒரு வேப்பங்கன்னு வச்சிருக்கேன். அதுக்கு நிழல் வர்றப்ப நான் எங்கயோ.”

அவன் குறை சொல்லவில்லை, கணக்குச் சொன்னான். ஆனால் அந்தக் கணக்கு வீடு வரையில் என்னுடன் வந்தது. கூலிக்காகச் செய்த நற்காரியம் தர்மத்தில் சேருமா? தங்கிவிட்டுப் போகிறவனுக்குத் தங்கிய இடத்தின்மேல் கடமை என்று ஒன்று உண்டா? வேதாந்திகள் கேட்க வேண்டிய இந்தக் கேள்விகளை ஒரு பி.எஸ்ஸி. மாணவன் டீ கிளாஸை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டான்.

சர்க்கார் தன் பங்குக்கு விடை எழுதித்தான் வைத்திருக்கிறது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 1976-இல் நாற்பத்திரண்டாவது திருத்தம் அரசியல் சாசனத்தில் அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தபோது, காடும் ஏரியும் ஆறும் காப்பதையும் ஜீவகாருண்யத்தையும் குடிமகனின் கடமைகளில் ஒன்றாக வைத்தது. வடலூரில் சொன்ன வார்த்தை டில்லியில் சட்டமாயிற்று என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லியது. ஆண்டுகள் பல கழித்து இளங்கலை வகுப்புகள் எல்லாவற்றுக்கும் ஆறு மாதப் பாடமொன்று வந்தது. இன்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் அது நான்காம் பகுதி. இந்தப் பையன் சொன்ன சேவை ஐந்தாம் பகுதி. பூமிக்கு இரண்டு மதிப்புப் புள்ளி, ஒழுக்கத்துக்கு இரண்டு, சேவைக்கு ஒன்று.

இந்தப் புள்ளிக் கணக்கைப் பரிகசிப்பது சுலபம். நானும் பல சபைகளில் பரிகசித்திருக்கிறேன். பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்லியிருக்க, பலனை முன்கூட்டியே நிர்ணயித்து, மணி நேரத்தால் அளந்து, முத்திரை குத்திக் கொடுத்தால் அது கர்மயோகமாகுமா, கர்ம வியாபாரமாகாதா என்று கேட்டால் சபையில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் மதுரையில் பிறந்தவன் ஒருவன் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், இந்த ஊரில், இந்த ஆற்றங்கரையில், கூலிக்கு மண் சுமந்தவர் வேறு யாரும் அல்லர்.

வைகை பெருகிக் கரை உடைத்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அவரவர் பங்கை அடைக்க வேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்தார். வந்தவர், தர்மத்துக்காகச் செய்கிறேன் என்று சொல்லவில்லை. உதிர்ந்த பிட்டெல்லாம் எனக்கு என்று பேரம் பேசினார். பேரம் முடிந்த பிறகும் ஒழுங்காக வேலை செய்தாரா என்றால் அதுவும் இல்லை. தின்றார், பாடினார், ஆடினார், மரத்தடியில் தூங்கினார். வந்தியின் பங்கு அடைபடாமல் கிடந்தது. அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், மந்திரி முதுகிலும், கருப்பையிலிருந்த சிசுவின் முதுகிலும் விழுந்தது. ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில், ஆரப்பாளையத்துக்கு அருகே புட்டுத்தோப்பில் இந்தக் கதையை நாம் நடித்துப் பார்க்கிறோம். பிட்டு வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறோம்.

அடி எல்லோர்மேலும் விழுந்ததை இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதற்குச் சான்றாகச் சொல்வது வழக்கம், அது சரியே. ஆனால் அதற்கு முன்பாக அது ஆற்றைப் பற்றிய ஒரு சத்தியம். கரை என்பது பங்கு பங்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டாலும், வெள்ளத்துக்குப் பங்கு தெரியாது. தொண்ணூற்றொன்பது பேர் தங்கள் பங்கைக் கல்லும் மண்ணுமாய் உயர்த்தியிருக்கலாம். நூறாவது பங்கு திறந்து கிடந்தால் அந்த வழியே வரும் தண்ணீர் எல்லார் வீட்டுக்கும் வரும். பிரம்படி செய்ததும் அதையேதான். புராணத்தில் கூலி கேட்டது குற்றமாக வரவில்லை, பேரம் பேசியது குற்றமாக வரவில்லை; அடைபடாத பங்குதான் அங்கே விவகாரம். ஆகவே ஐந்தாம் பகுதிக்கு ஒரு புள்ளி கேட்கும் பையனைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. அவனாவது வந்தான். நம் வீட்டுப் பங்குக்கு யார் போனார்கள்?

இன்னொரு கரையும் ஞாபகம் வருகிறது. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் தௌம்யர் என்ற ஆசாரியர், பாஞ்சாலத்திலிருந்து வந்து படித்த ஆருணி என்ற சீடனை அழைத்து, வயலின் வரப்பு உடைந்து தண்ணீர் போகிறது, போய் அடைத்துவிட்டு வா என்றார். போனான், மண்ணை வெட்டிப் போட்டுப் பார்த்தான், நிற்கவில்லை. பிறகு அந்த உடைப்பில் தானே குறுக்கே படுத்துக்கொண்டான். இந்தக் கதையைக் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லி அதன் கூர்மையை மழுங்கடித்துவிட்டோம். குரு சொன்னது உடைப்பை அடை என்பது மட்டுமே. மண் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. படுத்துக்கொள் என்று நிச்சயமாகச் சொல்லவில்லை. உத்தரவு மாணவனை உடைப்பின் ஓரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அங்கே மண் கரைவதைக் கண்ணால் கண்ட பிறகு நடந்தது அவனுக்கும் தண்ணீருக்கும் இடையில் நடந்தது.

இருநூற்று நாற்பது மணி நேரமும் அப்படிப்பட்ட உத்தரவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பையனைப் படித்துறை வரையில் இழுத்து வருவதற்கு அது போதும். அதற்கு மேல் அதனால் ஆகாது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பிறந்த உத்தரவால் சீமைக் கருவேலத்தின்மேல் இந்த ஜில்லாக்களெல்லாம் படையெடுத்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். அரிவாளால் தரையோடு வெட்டினால் அந்த மரம் சாகாது. ஒரு மழை பெய்தால் தூரிலிருந்து நாலைந்தாய்க் கிளைத்து வரும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும், எடுத்த இடத்தை அடுத்த வருஷமும் போய்ப் பார்க்க வேண்டும். வெட்டிய மணி நேரம் கணக்கில் ஏறும். தோண்டினானா என்பது ஏறாது. வாசனைகள் வேரோடு போகாவிட்டால் ஜன்மம் மறுபடி தழைக்கும் என்று வேதாந்த வகுப்பில் நான் பல வருஷம் கேட்டதை, ஒரு கண்மாய்க் கரையில் கடப்பாரை பிடித்த கூலியாள் அரை நிமிஷத்தில் காட்டிக்கொடுத்தான்.

இனி மூன்று வருஷத்துக் கணக்கு. எனக்கு நிஜமாகவே கனமாகத் தோன்றியது இதுதான்.

கடமை உரிமையிலிருந்து பிறக்கிறது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம்: வீடு என்னுடையது, ஆகவே கூரையை நான் வேய்கிறேன், வாடகை வீட்டுக்கு வெள்ளையடிப்பானேன்? கல்லூரி மாணவனோ வாடகைக்காரனிலும் தாழ்ந்தவன். ஜூனில் வந்து மூன்றாவது ஏப்ரலில் போகிறவன். ஆனால் இந்தத் தர்க்கத்தை ஒப்புக்கொண்டால் நம்மில் யார் மிஞ்சுவோம்? சிம்மக்கல்லிலிருந்து ஏ.வி. பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையத்தில் நிற்கும் அமெரிக்கன் கல்லூரி, 1881-இல் பசுமலையில் பிறந்து, பின்னால் ஆற்றின் வடகரைக்குக் குடிபெயர்ந்தது. அதை நிறுவிய வாஷ்பர்ன் கடல் கடந்து வந்தவர். நான் தரிசனம் செய்த பழைய சொக்கநாதரோ, இடைக்காடர் பாட்டைப் பாண்டியன் மதிக்கவில்லை என்று கோபித்து, பெரிய கோயிலைக் காலி செய்துகொண்டு வைகைக் கரைக்கு வந்து, அரசன் வந்து மன்னிப்புக் கேட்கும் வரையில் தங்கியிருந்தவர் என்பது எங்கள் பேட்டையின் நம்பிக்கை. சிம்மக்கல்லில் சுவாமியே கொஞ்ச காலத்துக் குடித்தனக்காரர்.

மதுரையைச் சுற்றியிருக்கும் குன்றுகளில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். மாங்குளத்தில், அரிட்டாபட்டியில், அழகர்மலையில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே சமண முனிவர்களுக்காக வழவழவென்று கற்படுக்கைகள் வெட்டி, மழைநீர் உள்ளே வழியாமல் பாறையின் நெற்றியில் காடியும் கீறி, வெட்டிக் கொடுத்தவர் பெயரைத் தமிழி எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த முனிவர்களோ ஓரிடத்தில் நிலைத்து வாழக் கூடாதவர்கள். கார்காலம் கழிந்தால் நடையைக் கட்ட வேண்டியவர்கள். உடைமை என்பதே இல்லாத அவர்கள், காலடியில் எறும்பு நசுங்காமல் மயிற்பீலியால் தரையைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். சொந்தம் என்று ஓர் அடி நிலம் இல்லாதவன்தான் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்தான். அரிட்டாபட்டியும் அதை அடுத்த மீனாட்சிபுரமும் சேர்ந்த நூற்றுத்தொண்ணூற்று மூன்று ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத்தலமாக 2022-இல் அரசு அறிவித்தது. இரண்டே வருஷத்தில் அதைத் தொட்டுக்கொண்டு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதும், மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் திரண்டெழுந்ததும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் எல்லோரும் அறிந்ததே. அங்கே பறவை பார்க்கப் போகும் கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் படுக்கைகளில் ஒரு நிமிஷம் முதுகு சாய்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கல் குளிர்ச்சியாக இருக்கும்.

ராணி மங்கம்மாள் சாலை போட்டு மரம் வைத்தாள், ரயிலடிக்கு எதிரே இன்றும் நிற்கும் சத்திரம் கட்டினாள், எல்லாம் வழிப்போக்கனுக்காக. வழிப்போக்கனுக்குச் செய்யும் தர்மம் நமக்கு நன்றாகவே தெரியும். வழிப்போக்கன் செய்யும் தர்மத்தைப் பற்றித்தான் நாம் அதிகமாகப் பேசியதில்லை.

அதைப் பேசுகிற கதை சாந்தோக்கிய உபநிஷத்தில் இருக்கிறது. குலம் கேட்டபோது உண்மையைச் சொன்ன சத்தியகாமனை, கௌதமர் சீடனாக ஏற்றுக்கொண்டார்; ஏற்றவுடன் மந்திரம் எதுவும் சொல்லித் தரவில்லை; மெலிந்து நலிந்த நானூறு பசுக்களைப் பிரித்து, இவற்றை மேய்த்து வா என்றார். இவை ஆயிரமாகாமல் திரும்பேன் என்று சொல்லிவிட்டுப் பையன் காட்டுக்குப் போனான். பசுவும் அவனுடையதல்ல, காடும் அவனுடையதல்ல. ஆயிரமான பிறகு ஒரு காளை அவனுக்குப் பிரம்மத்தின் ஒரு பாதத்தைச் சொல்லிற்று. அக்கினி ஒரு பாதம், அன்னம் ஒரு பாதம், நீர்ப்பறவை ஒரு பாதம். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்து, உனக்கு யார் உபதேசம் செய்தார்கள் என்று குரு கேட்க, மனிதர் அல்லாதவர்கள் என்றான். கொழுத்த பசுக்களைக் குரு கொடுத்திருந்தால் அவன் வெறும் மேய்ப்பனாகத் திரும்பியிருப்பான் என்பது என் அபிப்பிராயம். மெலிந்ததைக் கொடுத்ததில்தான் பாடம் இருந்தது.

அந்தப் பையனுடைய வேப்பங்கன்றும் மெலிந்த பசுதான். ஜூன் 5-இல் உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று உலகமெல்லாம் கன்று நடுகிறது. மதுரையில் அப்போது அக்கினி நட்சத்திரத்தின் சூடு முழுதும் ஆறியிருக்காது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் நின்றுவிடும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். பிரமுகரை அழைத்து, குழியருகே நிறுத்திப் படமெடுத்து, மறுநாள் மறந்த கன்று ஆடிக் காற்றிலேயே சருகாகிவிடும்; அடுத்த ஜூனில் அதே குழி அடுத்த கன்றுக்குக் காத்திருக்கும். தப்பிப் பிழைத்ததற்குச் சித்திரையில் மறுபடி கண்டம்: பரீட்சை முடிந்து விடுதி பூட்டிய பிறகு வளாகத்தில் யார் இருக்கிறார்கள்? நான் அறிந்த ஒரு கல்லூரியில், ஊருக்குள்ளேயே வீடு உள்ள பிள்ளைகள் நான்கு பேர் கோடை விடுமுறையில் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, அடி துளைத்த பழைய மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து, துளையில் திரி செருகி, மூன்று நாளைக்கு ஒரு தரம் நிரப்பிவிட்டுப் போனார்கள். எந்தப் பகுதியிலும் அதற்குப் புள்ளி இல்லை. அந்தக் கன்றுகளில் சிலவற்றில் இப்போது அணில் ஓடுகிறது.

கொடுக்கப்பட்டதை உண்டுவிட்டுத் திருப்பிக் கொடாதவனைத் திருடன் என்றே கீதையின் மூன்றாம் அத்தியாயம் குறிப்பிடுகிறது. அதில் வீட்டுக்காரன், வாடகைக்காரன் என்ற பேதம் இல்லை. உண்டவன் என்பது ஒன்றே அளவு. மூன்று வருஷம் நிழலில் உட்கார்ந்தவன் மூன்று வருஷத்து நிழல் உண்டவன். எனக்கு எழுபது வருஷத்து நிழல், எழுபது வருஷத்து ஆறு. என் பாக்கி அவனுடையதைக் காட்டிலும் எவ்வளவோ பெரிது. இதை அந்தப் பையனிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. வந்திருந்தாலும், கையில் சாக்கு இல்லாதவன் சொல்லி என்ன பிரயோஜனம்?

டீ குடித்து முடித்ததும் அவன் மறுபடி இறங்கினான். மூதாட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்த்தம் எல்லாப் பாவத்தையும் கழுவுமானால் அதற்கு அழுக்கு ஏது என்பது அவள் தலைமுறையின் சித்தாந்தம். தண்ணீரில் கிருமி எத்தனை என்பது அவன் தலைமுறையின் சித்தாந்தம். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நாசியைப் பொத்திக்கொண்டு மந்திரம் சொல்லும் தலைமுறை. அவள் எழுந்து, தன் கைத்தடியை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கினாள்.

“இந்தா, இந்தக் கம்பால இழுத்துப் போடு. மொதல்ல தண்ணியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்க. அப்புறம் எடுத்தா ஒண்ணும் செய்யாது.”

பையன் கறுத்த நீரைப் பார்த்தான். கையுறையோடு குனிந்தான், அவள் தலையசைத்து மறுத்தாள். ஒரு கையின் உறையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு விரலை நீரில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோனான். ஒற்றினானா, ஒற்றியது போலக் காட்டினானா என்பது நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. பிறகு கம்பை வாங்கி, ஆகாயத்தாமரைக்குள் சிக்கியிருந்த வேட்டி ஒன்றை இழுத்துக் கரையில் போட்டான். உறையை மறுபடி மாட்டுவதற்கு முன்னால் அந்த விரல்களை எங்கே கழுவுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தான். குழாய் மேலே, சாலையோரத்தில் இருந்தது.